புது எஞ்சினுக்கு முதல் 20 மணி நேரம்



புதிதாக வண்டி வாங்கிய ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். விலையைச் சொல்வார்; நிறத்தைச் சொல்வார்; கடைக்காரர் இனாமாகக் கொடுத்த பொருள்களைக்கூட ஒன்றுவிடாமல் சொல்வார். "முதல் சில மணி நேரம் அதை எப்படி ஓட்டினீர்கள்?" என்று கேட்டால் மட்டும் நம்மை வியப்போடு பார்ப்பார். நம் தந்தையர் காலத்தில் நிலைமை வேறு. புது ஸ்கூட்டர் வாங்கியவர் முதல் சர்வீஸ் முடியும் வரை 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டமாட்டார். பின்இருக்கையில் ஆள் ஏற்றவும் தயங்குவார். இரவல் கேட்டு வருபவரிடம், "வண்டி ரன்னிங் இன்னில் இருக்கிறதே!" என்று சொல்லி அனுப்பிவிடுவார். அச்சொல்லின் பயனை உணர்ந்து, ஆறு மாதம் வரையிலும் ரன்னிங் இன்னை நீட்டித்துக்கொண்டவர்களும் எங்கள் அதிராம்பட்டினத்தில் இருந்தார்கள்!

அந்த வழக்கம் இன்று ஏறக்குறைய மறைந்துவிட்டது. ஆனால் அதன் தேவை மறைந்துவிடவில்லை. ஐக்கிய அரபு அமீரகத்தில் மணல்மேட்டு வண்டிகளைப் பழுதுபார்க்கும் வேலையில் பல ஆண்டுகளைக் கழித்தவன் என்ற முறையில், அதைப்பற்றி உங்களோடு சில செய்திகளைப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

துபாயிலிருந்து ஹத்தா செல்லும் சாலையில், மதாம் என்னும் ஊருக்கு அருகே, 'பிக் ரெட்' என்று எல்லாரும் அழைக்கும் பெரிய மணல்குன்று ஒன்று உண்டு. இரும்புத்துரு கலந்த மணலாதலால் மாலை வெயிலில் செக்கச்செவேல் என்று நிற்கும். அதன் அடிவாரத்தைச் சுற்றிலும் குவாட் பைக் வாடகைக்கு விடும் முகாம்கள் இருக்கும். நான்கு பருத்த சக்கரங்கள், மோட்டார் சைக்கிளைப் போன்ற கைப்பிடி, குதிரைமேல் அமர்வதுபோல் இருபுறமும் கால்போட்டு அமரும் இருக்கை. இதுதான் குவாட் பைக். மேடு பள்ளம், சேறு, மணல் என்று எந்தத் தரையிலும் செல்லும். இதன் டயரில் சதுர அங்குலத்துக்கு 4 அல்லது 5 பவுண்டு காற்றுதான் இருக்கும் என்றால் நம்புவீர்களா? மோட்டார் சைக்கிளுக்கு அதைப்போல ஐந்தாறு மடங்கு அடிக்கிறோம். காற்றுக் குறைவாக இருந்தால்தான் டயர் பரந்து, மணலில் புதையாமல் செல்லும். ஆக்ஸிலேட்டரை முறுக்குவதில்லை, வலக்கைக் கட்டைவிரலால் தள்ளுவதே வழக்கம். 1970 ஆம் ஆண்டு ஹோண்டா நிறுவனம் மூன்று சக்கரங்களோடு இவ்வகை வண்டியை அமெரிக்காவில் விற்கத் தொடங்கியது. 1980 களின் தொடக்கத்தில் சுசுகி நான்காவது சக்கரத்தைச் சேர்த்தது. மூன்று சக்கர வண்டிகள் கவிழ்ந்து பலர் காயமுற்றதால், 1988 இல் அமெரிக்காவில் அவற்றின் விற்பனையே நின்றுபோயிற்று.

வண்டியின் வரலாறு இருக்கட்டும். அதன் எஞ்சினுக்குள் முதல் 20 மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்பதைப் பார்ப்போம்.

சிலிண்டரின் உட்சுவரைக் கையால் தடவினால் வழவழப்பாகத் தோன்றும். உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தால் அது உழுத நிலம்! தொழிற்சாலையிலேயே கல்லைக்கொண்டு இழைத்து, ஒன்றையொன்று வெட்டிச்செல்லும் குறுக்குக் கோடுகளை அதில் போட்டு அனுப்புகிறார்கள். கோடுகளின் பள்ளங்களில் ஆயில் தங்கும். வரப்புகளின்மேல் பிஸ்டனின் ரிங்குகள் உராயும். உராய உராய வரப்பின் கூர்நுனிகள் தேய்ந்து சமமாகும். ரிங்கும் தன் பங்குக்குத் தேய்ந்து, அந்தச் சிலிண்டருக்கென்றே அளவெடுத்ததுபோல் பொருந்திக்கொள்ளும். அதன்பிறகு எரிவாயுவின் அழுத்தம் கீழே கசியாது. கீழுள்ள ஆயிலும் மேலேறி எரியாது. இந்தப் பொருத்தம் முதல் சில மணி நேரத்திற்குள் அமையவேண்டும். வரப்புகள் மழுங்கிய பிறகு ரிங்கைத் தேய்த்துப் பொருத்த அங்கே எதுவும் மிச்சமிருக்காது.

ரிங்கைச் சுவரோடு அழுத்துவது எது? அதன் சொந்த விசை கொஞ்சந்தான். எரிவாயு ரிங்கின் பின்னால் புகுந்து வெளிப்புறமாகத் தள்ளுவதே பெரும்பங்கு. ஆகவே எஞ்சினுக்குச் சிறிது சுமை கொடுத்தே தீரவேண்டும். இதை அறியாமல், புது வண்டியைப் பட்டறை வாசலில் நிறுத்தி, நாள்கணக்கில் சும்மா ஓடவிட்டுப் 'பழக்கிய' சகோதரர் ஒருவரை நான் அறிவேன். அவருக்குத் தம் வண்டியின்மேல் அவ்வளவு பாசம்! சுமையில்லாமல் நெடுநேரம் ஓடினால் ரிங் சுவரை அழுத்தாது. கோடுகளில் தங்கிய ஆயில் கருகி, வார்னிஷ் பூசியதுபோல் சுவரில் படிந்துவிடும். கண்ணாடிபோல் பளபளக்கும் அந்தச் சிலிண்டரில் ரிங் இனி எக்காலத்திலும் பொருந்தாது. மறுபடியும் இழைத்து, புது ரிங் போடுவதைத் தவிர வேறு வழியில்லை.

அளவுக்கு மிஞ்சிய சுமையோ இன்னொரு வகையில் கேடு. பிஸ்டன் அலுமினியக் கலவையால் ஆனது. சூடேறினால் சட்டென்று விரியும். பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவே விட்டிருக்கும் இடைவெளி எவ்வளவு தெரியுமா? ஒரு மில்லிமீட்டரை நூறு பங்காக்கினால் அதில் சில பங்குகளே! புது எஞ்சினில் உராய்வு மிகுதி; சூடும் மிகுதி. அந்நிலையில் முழு வேகத்தில் மணல்மேடு ஏற்றினால் பிஸ்டன் விரிந்து சுவரைக் கவ்விக்கொள்ளும். 'எஞ்சின் பிடித்துக்கொண்டது' என்று நம் மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். முற்றாகப் பிடித்துக்கொள்ளாவிட்டாலும், மேலிருந்து கீழாகக் கீறல்கள் விழுந்துவிடும்.

எனவேதான் கையேடுகள் நடுவழியைக் கூறுகின்றன. யமஹா நிறுவனத்தின் கையேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் 10 மணி நேரம் ஆக்ஸிலேட்டரைப் பாதிக்குமேல் தொடர்ந்து தள்ளக்கூடாது. ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒருமுறை நிறுத்தி, 5 முதல் 10 நிமிடம் ஆறவிடவேண்டும். ஒரே வேகத்தில் ஓட்டாமல் கூட்டியும் குறைத்தும் ஓட்டவேண்டும். 10 முதல் 20 மணி நேரம் வரை முக்கால் பங்குக்குமேல் நெடுநேரம் தள்ளக்கூடாது. இவ்வளவுதான்.

"இதெல்லாம் பழைய காலத்துப் பேச்சு, முதல் நாளே முழு வேகத்தில் விரட்டினால்தான் ரிங் நன்றாகப் பொருந்தும்" என்று வாதிடும் கட்சியும் உண்டு. பந்தய வண்டிக்காரர்களிடையே இக்கட்சிக்குச் செல்வாக்கு அதிகம். நான் அதை முழுவதும் தள்ளிவிடமாட்டேன். அழுத்தம் வேண்டும் என்பது உண்மை. இன்றைய தொழிற்சாலைகள் சிலிண்டரை முன்னைவிட நுணுக்கமாக இழைத்து அனுப்புவதால், ரிங் பொருந்தும் காலம் குறைந்திருக்கிறது என்பதும் உண்மை. ஆனால் எஞ்சின் என்பது ரிங் மட்டுமா? பேரிங், கேம், கியர்ப் பற்கள், கிளட்ச் என்று புதிதாக ஒன்றோடொன்று உரசும் உறுப்புகள் எத்தனை! மேலும், பந்தயக்காரர் ஒரு நொடி விரட்டி மறுநொடி விட்டுவிடுவார். சுற்றுலா வந்தவரோ மேட்டின் உச்சி வரும்வரை கட்டைவிரலை எடுக்கவே மாட்டார். இரண்டும் ஒன்றாகா.

நான் வேலைசெய்த முகாமில் தலைமை மெக்கானிக்காக இருந்தவர் கீழக்கரைக்காரர். வயதில் மூத்தவராதலால் எல்லாருக்கும் அவர் 'காக்கா'தான். அதிகம் பேசமாட்டார். பேசினால் எதிர்வாதத்துக்கு இடம் வைக்கமாட்டார். 2010 ஆம் ஆண்டு நவம்பர் 4 ஆம் தேதி எங்கள் முகாமுக்கு மூன்று புது வண்டிகள் பெட்டியில் வந்திறங்கின. ஒற்றைச் சிலிண்டர், 4 ஸ்ட்ரோக், ஏறக்குறைய 700 சி.சி. வண்டிகள். ஹஜ்ஜுப் பெருநாள் 16 ஆம் தேதி. பெருநாள் விடுமுறையில் பாலைவனத்தில் திரளும் கூட்டத்தை அங்கு வாழ்ந்தவர்கள் அறிவார்கள். ஒரு வண்டிக்கு மூன்று குடும்பம் வரிசையில் நிற்கும். முதலாளி, "நாளைக்கே வாடகைக்கு விடலாமா?" என்று கேட்டார். காக்கா, "பெருநாளுக்கு முந்திய இரவு தருகிறேன்" என்றார். முதலாளி முகம் சுளித்தார், ஆயினும் மறுக்கவில்லை.

பிறகு காக்கா ஒரு கணக்குப் போட்டார். மூன்று வண்டிக்கு 20 மணி நேரம் வீதம் 60 மணி நேரம். ஓட்டுபவர்கள் நானும் அவரும். ஆளுக்கு 30 மணி நேரம். 10 நாளில் முடிக்க, நாளொன்றுக்கு 3 மணி நேரம். சுப்ஹுக்குப் பின் ஒன்றரை மணி. அஸருக்குப் பின் ஒன்றரை மணி. மற்ற நேரமெல்லாம் பழைய வண்டிகளின் வேலை. "சம்பளம் கூடுமா காக்கா?" என்று கேட்டேன். "கூடாது தம்பி. மார்ச் மாதம் வரை ராத்திரியில் நிம்மதியாய்த் தூங்கலாம்" என்றார்.

ஓட்டுவதற்கு அவர் தேர்ந்தெடுத்த இடமும் கவனிக்கத்தக்கது. மணல்மேட்டுப் பக்கமே போகவில்லை. மேடுகளுக்கு இடையே கெட்டியான சரளைத் தரை உண்டு, அங்குதான் ஓட்டினோம். மணலில் வண்டி மெதுவாகச் சென்றாலும் எஞ்சின் கடுமையாக உழைக்கும், காற்றோட்டமும் போதாது. சரளையில் அந்த இடர் இல்லை. இரண்டாவது, மூன்றாவது கியரில் கால் பங்குக்கும் அரைப் பங்குக்கும் நடுவே கட்டைவிரலைத் தள்ளுவதும், பிறகு முற்றிலும் விட்டுவிட்டு எஞ்சினே வண்டியைத் தடுக்கும்படி செய்வதுமாக மாறிமாறி ஓட்டவேண்டும். தள்ளும்போது ரிங் சுவரை அழுத்தித் தேயும். விடும்போது ஆயில் சற்று மேலேறி, தேய்ந்த துகளைக் கழுவிச்செல்லும். இவ்வகை வண்டிகள் பலவற்றில் கட்டைவிரல் நெம்புகோலுக்கு எதிரே ஒரு சிறு திருகாணி இருக்கும். ஓட்டத் தெரியாதவர்கள் அதிகம் தள்ளிவிடாதபடி தடுப்பதற்காக வைத்தது. காக்கா அதைப் பாதியளவில் முடுக்கிவிட்டார். "உன்னை நம்பாமல் இல்லை, உன் விரலை நம்பவில்லை" என்று என்னிடம் சொன்னார்.

மணிக்கணக்கு காட்டும் கருவி அந்த வண்டிகளில் இல்லை. ஆகவே ஒரு நோட்டுப் புத்தகத்தில் வண்டி எண், புறப்பட்ட நேரம், நிறுத்திய நேரம், ஆறவிட்ட நிமிடம் என்று கோடு போட்டு எழுதினோம். முதல் ஒரு மணி நேரம் ஓடி ஆறியதும், போல்ட்டுகளையெல்லாம் தொட்டுப் பார்த்துத் தளர்ந்தவற்றை முடுக்கினோம். 10 மணி நேரத்துக்குப் பிறகுதான் சிறு மேடுகளில் ஏற்றினோம். அதுவும் ஏறியவுடன் இறங்கிவிடும் மேடுகள். பிரேக்குக்கும் இதே மரியாதை உண்டு. புது பிரேக் கட்டைகள் தட்டோடு பொருந்தும் வரை திடீர் என்று அழுத்திப் பிடிக்காமல், மெல்ல மெல்லப் பிடித்துப் பழக்கினோம். அரஃபா நாளன்று மூன்று வண்டிக்கும் ஆயிலும் ஆயில் ஃபில்டரும் மாற்றியாயிற்று. பெருநாளன்று வண்டிகள் வாடகைக்குச் சென்றன. அந்தப் பருவம் முடியும் வரை அவற்றின் சிலிண்டரைத் திறக்கும் வேலையே எங்களுக்கு வரவில்லை.

அதே பெருநாளுக்கு, சற்றுத் தள்ளியிருந்த வேறொரு முகாமிலும் அதே மாதிரி வண்டிகள் வந்திருந்தன. அங்கே மெக்கானிக்காக இருந்தவர் தஞ்சை மாவட்டத்து இளைஞர். திருமணமாகி ஓராண்டுகூட ஆகாதவர். தம் வாப்பாவின் கடனை அடைப்பதற்காக வந்தவர். ஜனவரி மாதத்தில் ஒரு நாள் இரவு எங்கள் அறைக்கு வந்தார். புது வண்டிகளில் ஒன்று நீலப் புகை கக்குகிறதாம். ஆயில் குறைந்துகொண்டே வருகிறதாம். "நீ ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்யாமல் மணலை உள்ளே விட்டிருக்கிறாய், எஞ்சின் செலவை உன் சம்பளத்தில் பிடிப்பேன்" என்று அவருடைய முதலாளி சொல்லிவிட்டாராம். பிடித்தால் நான்கு மாதம் வீட்டுக்குப் பணம் அனுப்ப முடியாது. பேசப் பேச அவருடைய குரல் தழுதழுத்தது.

காக்கா ஒன்றுதான் கேட்டார்: "நீங்கள் ஃபில்டரைச் சுத்தம் செய்தீர்களா?" "தினமும் காக்கா" என்றார் இளைஞர். "அப்படியானால் எஞ்சினே சாட்சி சொல்லும்" என்றார் காக்கா.

மறுநாள் அந்த முதலாளியிடம் அனுமதி பெற்று, அவர் முன்னிலையிலேயே எஞ்சினைத் திறந்தோம். வாசகர்களே, மணல் புகுந்த எஞ்சினை அடையாளம் காண்பது கடினமன்று. ஃபில்டருக்குப் பின்னால் உள்ள குழாயில் விரலை வைத்தாலே நறநறவென்று தூசி ஒட்டும். சிலிண்டர் சுவர் தேய்த்த வெண்கலம்போல் மங்கிக் கிடக்கும்; ரிங்குகளின் விளிம்பு கத்திபோல் கூர்மையாகியிருக்கும். இங்கோ குழாய் துடைத்துவைத்த பாத்திரம்போல் இருந்தது. ஃபில்டர் நுரைப்பஞ்சில் ஆயில் சீராகப் பூசப்பட்டிருந்தது. ஆனால் பிஸ்டனின் இருபக்கப் பாவாடையிலும் மேலிருந்து கீழாகக் கன்றிய கீறல்கள். சுவரிலும் அதே இடத்தில் அதே கீறல்கள். புகைபோக்கியின் பக்கம் அவை இன்னும் ஆழம். சூட்டில் விரிந்து கவ்விய தழும்பு அது. தழும்பு இல்லாத இடங்களில் தொழிற்சாலையின் குறுக்குக் கோடுகள் அப்படியே தெரிந்தன. மணல் தேய்த்திருந்தால் முதலில் அழிந்திருக்க வேண்டியவை அக்கோடுகளே.

காக்கா அத்தோடு விடவில்லை. முகாமின் வாடகைப் பேரேட்டைக் காட்டும்படி கேட்டார். எந்த வண்டி எத்தனை மணிக்குச் சென்றது, எத்தனை மணிக்குத் திரும்பியது என்று அதில் எழுதியிருக்குமல்லவா? அந்த வண்டி பெட்டியிலிருந்து வெளிவந்த முதல் நாளிலேயே, காலை முதல் இரவு வரை 9 மணி நேரம் வாடகைக்கு ஓடியிருந்தது. ஒருவர் இறங்கிய சூடு ஆறுமுன் மற்றவர் ஏறியிருக்கிறார். இரண்டாம் நாளும் அப்படியே. பேரேட்டில் இருந்தது முதலாளியின் சொந்தக் கையெழுத்து. காக்கா அந்தப் பக்கத்தையும் பிஸ்டனையும் மேசைமேல் அருகருகே வைத்துவிட்டு, தேநீர் குடிக்கச் சென்றுவிட்டார்.

அந்த முதலாளி வருத்தம் தெரிவிக்கவில்லை. அந்த மாதச் சம்பளம் மட்டும் குறையாமல் வந்தது. அடுத்த ஆண்டு அந்த முகாமுக்கு வந்த புது வண்டிகளை ஒரு வாரம் வெளியே விடவில்லை என்று அந்த இளைஞர் பிறகு சொன்னார். அதுவே போதும்.

இதைப் படிப்பவர்களில் பலர் குவாட் பைக்கைக் கண்ணால்கூடக் கண்டிருக்கமாட்டீர்கள். ஆயினும் உங்கள் மகனுக்குப் புது மோட்டார் சைக்கிள் வாங்கலாம்; தோட்டத்துக்கு டீசல் பம்ப் செட் வாங்கலாம். அளவுகள் மாறும், அவற்றை அந்தந்தக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். வளைகுடாவில் இருக்கும் சகோதரர்கள், வண்டிகளைப் பொறுப்பேற்றுப் பார்க்கும் வேலையில் இருந்தால், முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். ஃபில்டர் கழுவிய தேதியையும் அதில் எழுதி, முடிந்தால் மேலாளரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். அந்த இளைஞருக்கு எஞ்சினும் பேரேடும் உதவின. எல்லாருக்கும் அப்படி வாய்க்காது.

முதல் ஆயில் மாற்றத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எஞ்சின் சற்றுச் சூடாக இருக்கும்போதே ஆயிலை இறக்குங்கள். துகள்கள் அடியில் தங்காமல் சேர்ந்து வந்துவிடும். அதில் சிறிதளவு வெள்ளைத் துணியில் ஊற்றி வெயிலில் பிடித்துப் பாருங்கள். வெள்ளிப் பொடிபோல் மினுமினுப்புத் தெரிந்தால் அஞ்சவேண்டா. வரப்புகள் தேய்ந்த பொடி அது. நகத்தில் தட்டுப்படும் அளவுக்குச் செதில்கள் இருந்தால் வண்டியை மேலும் ஓட்டாமல், அந்தத் துணியோடு விற்றவரிடம் கொண்டுபோங்கள். புது ஆயில் ஊற்றும்போது, டப்பாவில் மோட்டார் சைக்கிளுக்கு உரியது என்று இருக்கிறதா எனப் பாருங்கள். குவாட் பைக்கிலும் பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களிலும் கிளட்ச் ஆயிலுக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கிறது. காருக்கென்று வழுக்குப் பொருள் சேர்த்த சில ஆயில்களை ஊற்றினால் அது நழுவத் தொடங்கிவிடும். பழைய ஆயிலை மண்ணில் கொட்டிவிடாதீர்கள். அதற்கென்று டிரம் வைத்திருக்கும் பட்டறையில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.